இருபத்தாறு துளை அட்டைகள்

கண்ணுசாமி: ...அதுக்கு இந்த ரூமைக் கூட்டித் தொடைக்கிற நான் என்ன பண்ணட்டும் அம்மிணி? ஓடு ஒழுகுதுன்னு மூணு லெட்டர் போட்டாச்சு. தொழிலாளர் ஆய்வு நிலையம்னு போர்டு மட்டுந்தான் பெருசு. உள்ள வந்து பாத்தா கோழிக்கூண்டு.

வசந்தாமணி: லெட்டர் போட்டா ஒழுகல் நின்னுருமாண்ணா? ஏறி ரெண்டு ஓடு மாத்தறதுக்கு என்ன? பாருங்க, பதினாறாம் பெட்டி அடியெல்லாம் கரையான். ரெண்டாயிரத்து நானூறு தொழிலாளியை விசாரிச்சது... ஆளுக்கு ஒரு அட்டை. இதை உட்டா அவங்க சொன்னது ஒண்ணுமே மிச்சமில்ல, தெரியுமில்ல?

கண்ணுசாமி: தெரியாம? எழுதுன காகிதத்தையெல்லாம் மூட்டை கட்டி, பழைய பேப்பர்காரன் வண்டியில ஏத்துனதே நாந்தானுங்களே.

வசந்தாமணி: அதைச் சொல்லாதீங்க, வவுறு எரியுது. "எல்லாம் ஓட்டையா அட்டையில ஏறிப்போச்சு, இனிக் காகிதம் எதுக்கு"ன்னாரு டைரக்டர். வெயில்ல நடந்து எழுதுனது நாங்க அஞ்சு பேரு. இதை வெச்சுப் போட்ட புஸ்தகத்து மேல பேரு அவருது. நன்றின்னு ஒரு பக்கம் போட்டிருக்காரு. டைப் அடிச்சவரு இருக்காரு, கார் டிரைவர் இருக்காரு... எங்க பேரு இல்ல.

கண்ணுசாமி: என்ற பேரும் இல்ல. நான் கோவிச்சுக்கிட்டனா? திங்கக்கெழமை இதெல்லாம் மெட்ராசுக்குப் போயிருச்சுன்னா கம்ப்யூட்டர் நாடாவுல ஏத்திருவாங்க. அப்பறம் கரையான் எதைத் திங்கும், பாக்கலாம்.

வசந்தாமணி: நாடாவுல ஏறுனா அம்பது வருசத்துக்குக் கெட்டுப் போகாதாம். நான் செத்தாலும் நான் எழுதுனது இருக்கும். அதுக்குத்தான் ஒரு மாசமா இந்தப் பூச்சியோட மல்லுக்கட்டறேன்.

மாரக்காள்: ஏனுங்க... சாமி... இங்கதானுங்களா, ஆலையாளுகளைப் பத்தி எழுதி வெச்சிருக்கறது?

கண்ணுசாமி: ஆருங்க அது? கதவைத் தள்ளிட்டு வாங்கம்மா... பாத்து, பாத்து. பெட்டியை முதிச்சிராதீங்க, இந்த அம்மிணி என்னையத் தொலைச்சுப் போடும்.

மாரக்காள்: பேரு மாரக்காளுங்க. வெண்ணந்தூர்ப் பக்கமிருந்து வாரேன். பெரியதோட்டத்து ஜவ்வரிசி ஆலையில கெழங்குத் தோல் சீவிக்கிட்டிருந்தேன். இந்தக் கை போறவரைக்கும்.

கண்ணுசாமி: அட சாமி... நாலு வெரலுமா?

மாரக்காள்: கட்டைவெரல் மட்டும் மிச்சமுங்க. கெழங்கு அரைக்கிற மிசின்ல தள்ளிவிடற பையன் அன்னைக்கி வரல. நீ தள்ளுன்னாரு மேஸ்திரி. தள்ளுனேன். அவ்வளவுதான்.

வசந்தாமணி: ...உக்காருங்கக்கா. அண்ணா, அந்த ஸ்டூலை இக்கட்ட போடுங்க. என்ன வேணும் உங்களுக்கு?

மாரக்காள்: கோர்ட்டுல அஞ்சு வருசமா நடக்குதுங்க. போன வாய்தாவுல மொதலாளி வக்கீலு ஒரு தடிப் புஸ்தகத்தைப் பிரிச்சுப் படிச்சாரு. சேலத்துல படிச்சவங்க போட்ட புஸ்தகமாமுங்க. பெரியதோட்டத்து ஆலையில இருபத்தாறு பேர்த்த விசாரிச்சாங்களாம், ஒருத்தருக்குக்கூட அடிபடலையாம். அப்ப இவ கை எங்க போச்சுன்னா... கரும்பாலையில உட்டுட்டு வந்து எங்க மேல பழி போடறான்னு.

கண்ணுசாமி: கரும்பாலை வெச்சிருக்கீங்களா?

மாரக்காள்: வெள்ளாமை வெக்க ஒரு அடி நெலமில்ல, கரும்பாலை எங்கிருந்துங்க வரும்? வெள்ளிக்கெழமை கடைசி வாய்தா. உம்பக்கம் என்ன இருக்குதுன்னு கேப்பாங்களாம். எங்க வக்கீலு சொன்னாரு, எழுதுன ஆளைப் போய்ப் பாரு, ஒரு பொம்பளைப் புள்ளைதான் அந்தப் பக்கம் வந்துச்சாமா, இன்னும் அங்கதான் வேலையில இருக்குதாமான்னு.

வசந்தாமணி: ...அஞ்சு பேரு போனோம். யாரு எந்த ஆலைன்னு இப்பச் சொல்ல முடியாது.

கண்ணுசாமி: ஏன் முடியாது? வெண்ணந்தூர் ரோடு பூராவும் நீங்கதானே? அன்னைக்கிக்கூட காலெல்லாம் கொப்புளம்னு விளக்கெண்ணெய் கேட்டீங்களே என்ற கிட்ட.

வசந்தாமணி: உங்களைக் கேட்டனா?

மாரக்காள்: அம்மிணிதானுங்களா அது... செரி, செரி. மொகம் அதேதான். இப்பத்தான் ஞாபகம் வருது. பச்சைப் பை ஒண்ணைத் தோள்ல மாட்டியிருந்தீங்க.

வசந்தாமணி: பச்சைப் பையா?

மாரக்காள்: இல்லீங்களா?

வசந்தாமணி: ஆ... ஆமாங்க. பச்சைதான். இருந்துது.

மாரக்காள்: என்ற புள்ளைக்குன்னு ஒரு கல்கோனா மிட்டாய்கூடக் குடுத்தீங்க.

வசந்தாமணி: குடுத்திருப்பேன். புள்ளைங்களைப் பாத்தா குடுக்கறதுதான்.

மாரக்காள்: நான் கையைக் காட்டுனேன். நீங்க எழுதிக்கிட்டீங்க. அந்தக் காகிதத்தை மட்டும் குடுத்தீங்கன்னா போதும்.

வசந்தாமணி: காகிதம் இல்லைங்கக்கா. பழைய பேப்பர் கடைக்குப் போயிருச்சு. இந்த அட்டைதான் இருக்குது.

மாரக்காள்: இதுங்களா? ஒரு எழுத்தையும் காணோம். வெறும் ஓட்டையா இருக்குது. இதையும் பூச்சி தின்னுருச்சுங்களா?

கண்ணுசாமி: இது பூச்சி ஓட்டை இல்லீங்கம்மா, மிசின் போட்ட ஓட்டை. நீங்க சொன்ன பதிலுக்கெல்லாம் ஒரு நம்பர். நம்பருக்கு ஒரு ஓட்டை. ஆம்பளைன்னா ஒண்ணு, பொம்பளைன்னா ரெண்டு. ஆமான்னா ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு...

மாரக்காள்: இதுல நான் எதுங்க?

வசந்தாமணி: பேரு இருக்காதுங்க. நம்பர்தான்.

மாரக்காள்: பேரில்லாம அது நான்தான்னு எப்படித் தெரியும்?

வசந்தாமணி: தெரியக் கூடாதுன்னுதான் அப்படி. உங்களுக்கு ஒரு பாதுகாப்பு. மொதலாளி பாத்தாலும் யாரு சொன்னதுன்னு கண்டுபிடிக்க முடியாது.

மாரக்காள்: இப்ப எனக்கே கண்டுபிடிக்க முடியாதாட்ட இருக்குதே சாமி.

கண்ணுசாமி: முடியுமுங்க. பெரியதோட்டம், ஆலை நம்பர் பதினேழு. இதா இருக்குது கட்டு. பட்டையில தேதி போட்டிருக்குது... செப்டம்பர் எழுவத்தொம்பது. ஆவணி மாசம். எந்த ஓட்டைக்கு என்ன அர்த்தம்னு சொல்ற குறியீட்டுப் புஸ்தகமும் பெட்டியிலயே கட்டியிருக்குது.

வசந்தாமணி: கட்டைப் பிரிக்காதீங்கண்ணா. வரிசை மாறிரும்.

கண்ணுசாமி: ஆறு வருசமா தொடைச்சு வெக்கறேன், எனக்கு வரிசை தெரியாதா?

வசந்தாமணி: மிசின்தான் படிக்கணும். கண்ணுல பாத்தா ஒண்ணும் புரியாது.

கண்ணுசாமி: போன வாரம் மேட்டுத்தெரு தறிக்காரங்க அட்டையைக் கண்ணுல பாத்தே சொல்லிக் குடுத்தீங்களே? அன்னைக்கிப் புரிஞ்சுது, இன்னைக்கிப் புரியாதா? ஏனுங்கம்மா, அப்ப உங்க வயசு என்ன?

மாரக்காள்: இருவத்தொம்பது இருக்குமுங்க.

கண்ணுசாமி: பொம்பளை, இருவத்தொம்பது. பாக்கலாம்... மொத அட்டை பொம்பளை, வயசு இருவத்தஞ்சு. அடுத்தது பொம்பளை, முப்பது. அடுத்தது முப்பத்தஞ்சு. அதுக்கடுத்தது இருவத்தஞ்சு... முப்பது... முப்பத்தஞ்சு... இதென்னுங்க அம்மிணி, படிக்கட்டாட்ட ஏறி ஏறி எறங்குது?

வசந்தாமணி: பாதிப் பேர்த்துக்கு வயசே தெரியாதுண்ணா. குத்துமதிப்பாத்தான் சொல்லுவாங்க.

கண்ணுசாமி: அதுக்குன்னு வரிசையாவா நிப்பாங்க?

மாரக்காள்: நான் இல்லீங்களா அதுல?

கண்ணுசாமி: இருவத்தொம்பதே இல்லீங்கம்மா.

வசந்தாமணி: முப்பதுன்னு போட்டிருப்பேன். வயசு முக்கியமில்லக்கா.

மாரக்காள்: வயசு எப்படியோ போகட்டும். கை? கையைப் பத்தி எங்க இருக்குது?

கண்ணுசாமி: இருங்க... நாப்பத்தொண்ணாவது வரிசை. "வேலையில் காயம் பட்டதுண்டா?" ஒண்ணுன்னா ஆமா, ரெண்டுன்னா இல்லை. ரெண்டு... ரெண்டு... ரெண்டு...

வசந்தாமணி: போதும் வையுங்க.

கண்ணுசாமி: ...ரெண்டு. எல்லாம் ரெண்டு.

மாரக்காள்: அப்ப வக்கீலு படிச்சது நெசந்தானுங்களா? நான் கையைக் காட்டுனேனே அம்மிணி?

வசந்தாமணி: நீங்க... காட்டலைங்கக்கா.

மாரக்காள்: காட்டலையா?

வசந்தாமணி: நான் கேட்டேன். காயம் பட்டுதான்னு கேட்டேன், நீங்க இல்லைன்னீங்க. பக்கத்துல மேஸ்திரி நின்னுக்கிட்டிருந்தான். பயந்துட்டீங்க. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நீங்க சொன்னதைத்தானே நான் எழுத முடியும்?

மாரக்காள்: நான் இல்லைன்னனா...

வசந்தாமணி: ஆமா. அப்பெல்லாம் உங்க கை நல்லாத்தான் இருந்துது.

மாரக்காள்: கை ஆடியிலயே போயிருச்சுங்களே. பதினெட்டாம் பெருக்கு முடிஞ்ச மறு வாரம். இவரு ஆவணின்னு படிச்சாரு.

வசந்தாமணி: ஆடியா?... அப்ப... முந்தானையில மூடியிருந்தீங்க. நான் பாக்கல.

மாரக்காள்: மூடியிருந்தனுங்களா?

வசந்தாமணி: ஆமா. மூடியிருந்தீங்க.

மாரக்காள்: எங்க உக்காந்திருந்தேன்?

வசந்தாமணி: கெழங்குக் குவியலுக்குப் பக்கத்துல. என்னக்கா, போலீஸாட்டம் கேக்கறீங்க? ஆறு வருசம் ஆச்சு. ரெண்டாயிரத்து நானூறு பேர்த்துல நானே நானூறு பேர்த்தப் பாத்தேன்.

மாரக்காள்: கோவிச்சுக்காதீங்க சாமி. எனக்கும் ஒண்ணும் வெளங்கல. அதான் கேக்கறேன்.

கண்ணுசாமி: அம்மிணி... சித்த இங்க வாங்க. சன்னலுக்கிட்ட.

வசந்தாமணி: என்ன?

கண்ணுசாமி: இருபத்தாறு அட்டையையும் ஒட்டுக்காச் சேத்துத் தட்டிப் பிடிச்சேன். வெளிச்சத்துல காட்டுனா... பாருங்க. ஓட்டை வழியா நேரா வேப்பமரம் தெரியுது.

வசந்தாமணி: அதுக்கென்ன?

கண்ணுசாமி: இந்தா, இது பக்கத்து ஆலை, பதினெட்டு. முப்பத்தோரு அட்டை. அதேமாதிரி பிடிக்கிறேன். ஒரு ஓட்டை தெரியுதா? கும்மிருட்டு. ஏன்னா அங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லியிருக்குது. ஒருத்தன் எட்டு மணி நேரம்கறான், ஒருத்தி பன்னெண்டுங்கறா. தண்ணி உண்டுங்கறா, இல்லைங்கறா. இங்க பெரியதோட்டத்துல மட்டும்... எத்தனை மணி நேரம் வேலை, ஓட்டை நேரா போகுது. குடிக்கத் தண்ணி, நேரா போகுது. காயம், நேரா போகுது. இருபத்தாறு பேரும் சேந்து பஜனையா பாடுனாங்க?

வசந்தாமணி: மேஸ்திரி சொல்லிக் குடுத்து உட்டிருப்பான்.

கண்ணுசாமி: வயசையுமா?

வசந்தாமணி: அப்ப அட்டையில ஓட்டை போட்டவங்க தப்புப் பண்ணியிருப்பாங்க! கோயமுத்தூர்ல உக்காந்து தூங்கித் தூங்கி அடிச்சிருப்பாங்க! எதுக்கெடுத்தாலும் நான்தானா?

மாரக்காள்: ஏனுங்க, இந்தப் பக்கம் கொஞ்சம் வெறிச்சுனு கெடக்குதே? இங்க ஓட்டையே போடலீங்களா?

கண்ணுசாமி: நானும் அதைத்தான் பாக்கறேன். நாப்பத்திரண்டுலருந்து அம்பத்திரண்டு வரைக்கும் காலி. பதினெட்டாம் ஆலையில அங்கங்க ஓட்டை இருக்குது. இங்க ஒருத்தருக்கும் இல்ல. அது என்ன கேள்விங்க அம்மிணி? குறியீட்டுப் புஸ்தகத்துல அந்தப் பக்கத்தைக் கரையான் தின்னுருச்சு.

வசந்தாமணி: பதினோரு கேள்வி.

கண்ணுசாமி: என்னென்ன?

வசந்தாமணி: காயம் பட்டுதா, ஆமான்னு எழுதுனா அந்தப் பதினொண்ணையும் கேக்கணும். எந்த மிசின்ல, எத்தனை மணிக்கு, பக்கத்துல யாரு இருந்தாங்க, யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, எத்தனை நாள் படுத்திருந்தீங்க, திரும்பி வேலைக்குச் சேத்துக்கிட்டாங்களா... ஒண்ணுக்கொண்ணு பொருந்தி வரணும். பொருந்தலைன்னா டைரக்டர் படிவத்தைச் சுழிச்சு மூஞ்சியில வீசுவாரு. இல்லைன்னு எழுதுனா நேரா அம்பத்து மூணுக்குப் போயிரலாம்.

மாரக்காள்: அதனால...

வசந்தாமணி: அதனால இல்லைன்னு எழுதுனேன்! இருபத்தாறுக்கும்! போதுமா?

கண்ணுசாமி: மெதுவா அம்மிணி. அக்கட்ட ரூமுக்குக் கேக்குது.

வசந்தாமணி: கேக்கட்டும். மூணு நாள் அந்த ஆலை வாசல்ல நின்னேன். வாட்சுமேன் உள்ள உடல. "பொம்பளைப் புள்ளைக்கு ஆலையில என்ன சோலி, ஊட்டுல சோறாக்கத் தெரியாதா"ன்னு கேட்டான். டைரக்டர்கிட்ட வந்து சொன்னேன். "உள்ள போறது உன்ற சாமர்த்தியம், எனக்கு வெள்ளிக்கெழமை இருபத்தாறு படிவம் வேணும், முடியலைன்னா சொல்லு, பி.ஏ. படிச்சதுக தெருவுல நெறைய நிக்குது"ன்னாரு. எங்க ஊட்டுல படிச்சது நான் ஒருத்தி. இந்த வேலையும் போச்சுன்னா கட்டிக் குடுத்துருவேன்னு அப்பன் மாப்பிள்ளை பாத்து வெச்சிருந்தாரு. எதுக்க டீக்கடைப் பெஞ்சுல உக்காந்தேன். நானே கேள்வி, நானே பதில். இருவத்தஞ்சு, முப்பது, முப்பத்தஞ்சு. மூணு மணி நேரத்துல முடிச்சுட்டேன்.

கண்ணுசாமி: அட கடவுளே... அதைத்தான் நாடாவுல ஏத்தப் போறீங்களா? அம்பது வருசத்துக்கு?

வசந்தாமணி: மத்ததெல்லாம் சத்தியமாக் கேட்டு எழுதுனதுண்ணா. இந்த ஒரு ஆலைதான். இருபத்தாறுதானேன்னு நெனச்சேன். ரெண்டாயிரத்து நானூறுல இருபத்தாறு... அதுல யாருக்கு என்ன வந்துரும்னு நெனச்சேன்.

மாரக்காள்: எனக்கு வந்துருச்சே கண்ணு.

கண்ணுசாமி: ஒண்ணு சொல்லட்டுங்களா? பதினாறாம் பெட்டியத்தான் கரையான் பாதி தின்னுருச்சில்ல... இந்தக் கட்டையும் தூக்கி அதுல வெச்சா, திங்கக்கெழமைக்குள்ள மண்ணாப் போயிரும். ஆருக்கும் தெரியாது. அம்மிணி வேலையும் நிக்கும்.

வசந்தாமணி: புஸ்தகம்? அச்சடிச்சு லைப்ரரி லைப்ரரியா கெடக்குதே, அதை எந்தக் கரையானுக்குப் போடறது? அட்டை போச்சுன்னா அப்பறம் புஸ்தகம் சொல்றதுதான் நெசம்.

கண்ணுசாமி: நான் உங்க நல்லதுக்குச் சொன்னேன்.

வசந்தாமணி: தெரியுதுண்ணா. ஆனா அந்தக் கட்டு இருக்கட்டும். இப்பப் பிடிச்சீங்களே சன்னல்ல, அதே மாதிரி ஜட்ஜுக்கு முன்னாடியும் பிடிச்சுக் காட்டணும். பெட்டியை ரெஜிஸ்டர்ல எழுதுங்க. ஆலை பதினேழு, இருபத்தாறு அட்டை, மெட்ராசுக்குப் போகல. காரணம்... வசந்தாமணி டீக்கடையில உக்காந்து எழுதுனதுன்னு போடுங்க.

கண்ணுசாமி: அப்படியே எழுதட்டுங்களா?

வசந்தாமணி: அப்படியே எழுதுங்க. நன்றிப் பக்கத்துலதான் பேரு வரல, இங்கயாச்சும் வரட்டும்.

கண்ணுசாமி: டைரக்டர் பாத்தாருன்னா வெள்ளிக்கெழமை கோர்ட்டு, சனிக்கெழமை உங்களுக்கு ஊடு.

வசந்தாமணி: போறேன். அக்கா, வெள்ளிக்கெழமை எத்தனை மணிக்குங்க? நான் வாரேன். நான் எழுதுனது பொய்யின்னு நானே சொல்றேன்.

மாரக்காள்: பத்தரைக்குக் கூப்புடுவாங்க. பத்துக்கே வந்துரு சாமி.

வசந்தாமணி: வாரேனுங்க. ஆனா... எனக்கு ஒண்ணு மட்டும் புரியலக்கா. நான் அந்த ஆலைக்குள்ள காலே வெக்கல. எங்கிட்டப் பச்சைப் பையும் இல்ல, உங்க புள்ளையவும் நான் பாத்ததில்ல. அப்ப அந்த மிட்டாய் குடுத்தது யாரு? எனக்கப்பறம் வேற யாராச்சும் வந்து கேட்டாங்களா? அவங்ககிட்டயாச்சும் கையைக் காட்டுனீங்களா?

மாரக்காள்: ஆரும் வரல கண்ணு. பையும் மிட்டாயும், கையைக் காட்டுனேன்னதும் நானாக் கட்டுன கதை. ஆமாங்கறயா, இல்லைங்கறயான்னு பாத்தேன்... ஆமான்னுட்ட. நீ ஆலை வாசல்ல நின்ன மூணு நாளும் நான் பெரியாஸ்பத்திரியில கட்டுப் போட்ட கையோட கெடந்தேன். அந்த வாட்சுமேன் கதவைத் தொறந்தே உட்டிருந்தாலும், உள்ள போய் ஒவ்வொருத்தியாக் கேட்டு, நீ "இல்லை"ன்னுதான் எழுதிட்டு வந்திருப்ப. கை போனவளை ஆரு சாமி ஆலைக்குள்ள வெச்சிருப்பா, நீ வந்து கேக்கறதுக்கு?